அடுக்குமாடி வீட்டில் குளியலறையை நாமே புதுப்பிக்கும்போது எந்த வால்வை அடைக்க வேண்டும்?

நாகர்கோவிலில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நீங்கள், குளியலறைக் குழாய்களையும் டைல்ஸையும் நீங்களே மாற்றப்போவதாகச் சொல்லி, முதலில் எந்த வால்வை அடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "எந்த வால்வை" என்று ஒருமையில் கேட்டதைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. நம் ஊர் அடுக்குமாடிகள் பலவற்றில் ஒரே குளியலறைக்கு இரண்டு மூன்று வழிகளில் தண்ணீர் வருகிறது.

நானும் நாகர்கோவில்தான், முதல் மாடி. எங்கள் மொட்டைமாடியில் முக்கடல் அணைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. குளிக்கும் குழாய்க்கு ஒரு லைன், பிளஷ் தொட்டிக்குத் தனி லைன். கைப்பிடிச் சுவரை ஒட்டி வால்வுகள் வரிசையாக நிற்கும். எது யார் வீட்டுக்கு என்று ஒன்றிலும் எழுதியிருக்காது. ஒருவர் மேலே நின்று ஒவ்வொன்றாக அடைக்க, இன்னொருவர் வீட்டில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் சொல்ல வேண்டும். கண்டுபிடித்த உடனே பெயிண்டில் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் நான் தவறினேன். வால்வை இறுக்கி அடைத்தேன். கீழே குழாயில் தண்ணீர் நூல்போல மெலிந்து வந்துகொண்டிருந்தது. குழாயில் தங்கியிருந்தது வடிகிறது என்று நினைத்து வாஷ்பேசினுக்கு அடியில், சுவரோடு இருந்த சின்ன அடைப்புக் குழாயை (ஆங்கிள் காக்) கழற்றினேன். உடைத்த டைல்ஸ் துண்டுகள் உள்ளே போகாதிருக்கத் தரைவடிகாலில் ஏற்கெனவே சாக்கைத் திணித்திருந்தேன். அப்படியே சாப்பிடப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். "தம்பி, எங்கள் பூஜை அறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது" என்றார். கோபம் இல்லை, குரல் மட்டும் நடுங்கியது. சாமி படங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அந்த வால்வைக் கழற்றிப் பார்த்தோம். அது பழைய பித்தளை கேட் வால்வு. உள்ளே ஆப்பு வடிவத் தகடு ஒன்று இறங்கித் தண்ணீரை மறிக்க வேண்டும். அது வந்து உட்காரும் இடத்தில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. தகடு உப்பின் மேல் முட்டி நின்றதால் கைப்பிடி இறுகியது, வழி மூடவில்லை. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீர் ஏறும் வீடுகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஆகவே வேலைக்கு முந்தைய நாள் இரவே வால்வுகளை அடைத்து, குளியலறையிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்துவைத்து, அடியில் காலி வாளி ஒன்றை வையுங்கள். தங்கிய தண்ணீர் சில நிமிடங்களில் வடிந்துவிடும். பிறகு வாளியைக் காலிசெய்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே விடிவதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். வாளி உலர்ந்திருந்தால் மட்டும் ஸ்பேனரைக் கையில் எடுங்கள். பிளஷ் தொட்டியையும் ஒருமுறை அழுத்தி, மறுபடி நிரம்புகிறதா என்று பாருங்கள்.

கீசரை மறக்க வேண்டாம். தண்ணீரை அடைப்பதற்கு முன்பே அதன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தொட்டி வற்றிய நிலையில் சூடேறினால், உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோகும். ஒரே கீசரிலிருந்து இரண்டு குளியலறைக்கு வெந்நீர் போகிறதென்றால், பக்கத்துக் குளியலறையில் வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலக்கும் மிக்சர் குழாய் வழியாகக் குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாயில் ஏறி உங்கள் பக்கம் வரக்கூடும். வெந்நீர்க் குழாயையும் வாளி வைத்துச் சோதியுங்கள்.

வால்வு திரும்பாவிட்டால் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். கைப்பிடியோடு சுழலும் தண்டு (ஸ்பிண்டில்) முறிந்தால் தொட்டியையே காலிசெய்ய வேண்டிவரும். அந்த லைனை நம்பியிருக்கும் எல்லா வீட்டுக்கும் அன்று தண்ணீர் இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று அசைத்து இளக்குங்கள். கசிகிற வால்வு என்றால் குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி, காலையில் மோட்டார் போடும் முன், தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில், உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி வழியை மூடும் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுவதே நல்லது. அதன் கைப்பிடி குழாயோடு நேர்கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கழற்றிய ஒவ்வொரு வாயிலும் டெஃப்லான் டேப் சுற்றிய அரை அங்குல எண்டு பிளக்கை (குழாய் வாயை மூடும் திருகு மூடி) உடனே போடுங்கள். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். யாராவது மேலே தெரியாமல் வால்வைத் திறந்துவிட்டால் துணியைச் சுருட்டி அடைத்து நிறுத்த முடியாது. அந்த வால்வில் ஒரு கயிற்றைக் கட்டி "வேலை நடக்கிறது, திறக்க வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிடுங்கள். கீழ்வீட்டாரிடம் முதல் நாளே போய்ச் சொல்லி, உங்கள் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.