பிரான்சில் லினன் வாங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூன் இரண்டாவது வாரம் நானும் கணவரும் பிரான்சு, பெல்ஜியம் போகிறோம். பன்னிரண்டு நாள். சென்ட், கைப்பை எதிலும் எனக்கு ஆசையில்லை. ஆறு பேர் உட்காரும் மேசைக்கு நல்ல லினன் விரிப்பு, கட்டிலுக்கு ஒன்று, அடுப்படித் துண்டு சில வாங்க வேண்டும். போன வருடம் என் நாத்தனார் பாரிஸிலிருந்து ‘லினன்’ என்று வாங்கிவந்த படுக்கைவிரிப்பு பருத்தியாக இருந்தது. கூட வந்த தலையணை உறை எங்கள் வீட்டுத் தலையணை எதற்கும் சேரவில்லை. எதைப் பார்த்து வாங்குவது? வரியைத் திருப்பித் தருவார்களாமே, அது எப்படி? நம் ஊர் உப்புத் தண்ணீரை இந்தத் துணி தாங்குமா?

க., மதுரை

அன்புள்ள க.,

கடைக்காரர் உங்கள் நாத்தனாரை ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. பிரெஞ்சில் வீட்டுத்துணி எல்லாவற்றுக்கும் ‘லேன்ஜ் த மெஸோன்’ என்று பெயர். பருத்திப் போர்வையும் அதில் அடங்கும், குளியல் துண்டும் அடங்கும். லினன் நெய்யும் ஆளிச்செடி நாருக்குப் பெயர் ‘லேன்’. எல், ஐ, என் என்று மூன்றெழுத்தோடு சொல் நின்றால் நீங்கள் தேடுவது. பின்னால் ஜி, இ ஒட்டிக்கொண்டிருந்தால் வெறும் ‘வீட்டுத்துணி’. ‘எஃபே லேன்’ என்று ஒன்றும் உண்டு. லினன் மாதிரித் தோற்றம் என்று பொருள். பெரும்பாலும் பாலியஸ்டர்தான்.

ஆகவே கடைப் பலகையை விடுங்கள், ஓரத்தில் தைத்திருக்கும் சின்னப் பட்டையைப் படியுங்கள். எந்த நார், நூற்றுக்கு எத்தனை என்பதை அந்த நாட்டு மொழியில் எழுதியாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதி. பிரான்சில் ‘100% லேன்’ இருக்க வேண்டும், ‘கொத்தோன்’ என்றால் பருத்தி. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் ‘லினன்’ அல்லது ‘வ்லாஸ்’, பருத்திக்குக் ‘கட்டூன்’. ‘மெதிஸ்’ என்று போட்டிருந்தால் பாவு (நெடுக்கு நூல்) பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) லினன். அது மட்டமில்லை. அடுப்படித் துண்டுக்கு நன்றாகவே உழைக்கும், ஆனால் முழு லினன் விலை கொடுக்காதீர்கள்.

எந்த நாட்டில் நெய்தது என்று எழுதும்படி அந்த விதி கேட்பதில்லை. கரூரில் தறியிறங்கும் மேசைவிரிப்பும் சமையலறைத் துண்டும் காலங்காலமாக ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. பாரிஸில் நாடா கட்டி அடுக்கியிருக்கும் பருத்தித் துண்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தால், அது கரூருக்குப் பக்கத்தில் திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம். ‘தீஸே ஆன் ஃபிரான்ஸ்’ என்றால் அங்கே நெய்தது. ‘தெஸினே ஆன் ஃபிரான்ஸ்’ என்றால் படம் மட்டும் அங்கே வரைந்தது.

முத்திரைகளிலும் இதே சூட்சுமம். வடபிரான்சின் நார்மண்டியிலிருந்து நெதர்லாந்து வரை போகும் கடலோரப் பட்டையில் நல்ல ஆளி விளைகிறது. உலகில் நாருக்காக ஆளி அதிகம் பயிரிடும் நாடு பிரான்சுதான். ஆனால் அந்த நாரில் பெரும்பகுதி நூற்பதற்குச் சீனாவுக்குப் போய்விடுகிறது. ‘யூரோப்பியன் ஃப்ளாக்ஸ்’ முத்திரை நார் விளைந்த இடத்துக்கு மட்டும் சாட்சி. ‘மாஸ்டர்ஸ் ஆஃப் லினன்’ என்றால் நூற்பும் நெசவும் ஐரோப்பாவில்தான். (ஜூன் மாதம் நார்மண்டிப் பக்கம் போனால் வயல்கள் நீலமாகப் பூத்திருக்கும். காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும்.)

புறப்படுமுன் வீட்டில் டேப் வைத்து மேசையையும் மெத்தையையும் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு மூன்றடி மேசை என்றால் 152க்கு 91. நாலு பக்கமும் குறைந்தது ஒரு சாண் தொங்க 160க்கு 200 விரிப்பு சரியாக இருக்கும். ஆனால் துவைக்காத லினன் முதல் சலவையில் நூற்றுக்கு ஐந்து வரை, சிலசமயம் அதற்கு மேலும் சுருங்கும். 200 என்பது 190 ஆகிவிடும். ‘லேன் லவே’, அதாவது ஏற்கெனவே துவைத்தது என்று கேட்டு வாங்குங்கள், இல்லையேல் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

தலையணை உறையில் நாத்தனாருக்கு நேர்ந்தது அங்கே புழங்கும் 65க்கு 65 சதுரத்தால் இருக்கும். நம் தலையணை 17க்கு 27 அங்குலம், அதற்கு 50க்கு 70 உறை போதும். மெத்தைவிரிப்பில் எலாஸ்டிக் வைத்ததை வாங்குவதைவிட 240க்கு 300 தட்டை விரிப்பே மேல். எந்தக் கட்டிலுக்கும் மடித்துச் செருகலாம். ஒன்று சுமார் 1.2 கிலோ எடை இருக்கும். இரண்டு எடுத்தால் பெட்டியில் இரண்டரைக் கிலோ போயிற்று.

துண்டு விஷயம் எளிது. ‘தோர்ஷோன்’ என்று கேளுங்கள். முழு லினன் துண்டு கண்ணாடிக் குவளையில் பஞ்சு ஒட்டாமல் துடைக்கும். புதிதாக இருக்கும்போது தண்ணீரை இழுக்காது, நாலைந்து சலவைக்குப் பிறகே பழகும். பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட பாஸ்க் வட்டாரத் துணி இப்போது பெரும்பாலும் பருத்தி. கனமான நல்ல பருத்தி, அப்படி நினைத்தே வாங்குங்கள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் லேஸ் வைத்த விரிப்புகளைக் கடைக்குக் கடை தொங்கவிட்டிருப்பார்கள். அதில் மிகுதியும் வெளியிலிருந்து வந்த இயந்திர லேஸ். பேசாமல் கடந்துவிடுங்கள். அந்த நேரத்தில் கோர்ட்ரேய்க் போகலாம். தேங்காய் மட்டையை ஊறப்போட்டு நார் எடுப்பதுபோல, அந்த ஊரின் லெய் ஆற்றில் 1943 வரை ஆளித்தட்டையை ஊறவைத்தார்கள். ‘டெக்ஸ்ச்சர்’ என்ற அருங்காட்சியகம் இதற்கென்றே இருக்கிறது. நல்ல லினனைக் கண்ணால் பழகிக்கொண்டு பிறகு கடைக்குப் போகலாம்.

என் கட்சியைக் கேட்டால், புதுசைவிடப் பழசு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு ஊர்களில் ‘விட் கிரெனியே’ என்று தெருவில் வீட்டுச் சாமான் விற்பார்கள். மூலையில் சிவப்பு நூலால் பெயரெழுத்துத் தைத்த பழைய விரிப்புகள் அங்கே கிடைக்கும். பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உடம்பு படும் நடுப்பகுதிதான் முதலில் நைந்துபோகும். அங்கே சல்லடை மாதிரித் தெரிந்தால் வேண்டாம். நடுவில் நெடுக ஒரு தையல் இருந்தால் பயப்படாதீர்கள், அகலம் குறைந்த தறியில் நெய்த இரண்டு துண்டின் இணைப்பு அது. ஓரத்தில் பிரிந்த நூல் இருந்தால் இழுத்து அறுத்துப் பாருங்கள். பருத்தி சட்டென்று அறுந்து நுனி பஞ்சாகும், லினன் எளிதில் அறாது, நுனி கூராக நிற்கும். பாவு, ஊடை இரண்டிலும் சோதிக்க வேண்டும், இல்லையேல் மெதிஸை லினன் என்று வாங்குவீர்கள். மஞ்சள் கறை பெரும்பாலும் போய்விடும். துருப்புள்ளி போகாது, வலுவில் எடுக்கப் போனால் ஓட்டை விழும். கடைகளின் தள்ளுபடிக் காலம் ஜூன் கடைசி வாரவாக்கில் ஒரு புதன்கிழமை தொடங்கி நாலு வாரம். உங்கள் பயணம் அதற்குச் சற்று முன்னால் முடிகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டதென்றால் இந்த வரியைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரி: பிரான்சில் ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டி ‘தெதாக்ஸ்’ என்ற வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. வரி இருபது சதவீதம் என்றாலும் இடைத்தரகுக் கட்டணம் போக விலையில் பன்னிரண்டு சதவீதம் வந்தால் பெரிது. பாரிஸில் விமானம் ஏறினால் ‘பாப்லோ’ என்ற சுங்க இயந்திரத்தில் படிவத்தைக் காட்டினால் முடிந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஏறினால் அங்குள்ள சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்க வேண்டும். பெட்டியை விமானக்காரரிடம் ஒப்படைக்குமுன் இதைச் செய்யுங்கள், துணியைக் காட்டச் சொல்லலாம். தெருச் சந்தையில் வாங்கியதற்கு இதெல்லாம் கிடையாது.

உப்புத் தண்ணீரை லினன் தாங்கும், ஆனால் சுண்ணாம்பு படிந்து மொடமொடக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வையுங்கள். போர்த் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் வெள்ளை விரிப்பு பழுத்துவிடும், அந்தக் கவலை இருந்தால் சாயமிடாத சாம்பல் நிறத்தையே எடுங்கள். குளோரின் பிளீச் கூடவே கூடாது. அரை ஈரத்தில் அதிகச் சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஒரே மடிப்பிலேயே வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே நார் முறியும். மேசைவிரிப்பை நம் பட்டுப்புடவை மாதிரி அவ்வப்போது மாற்றி மடியுங்கள், அல்லது சுருட்டி வையுங்கள்.