வெயில் வேண்டும் என்கிறீர்கள், எந்த மாதத்து வெயில்?

கேள்வி: ஏழு ஆண்டுகளாக க்ளாஸ்கோவில் வசிக்கிறோம். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். மனைவி செவிலியர். நவம்பர் பிறந்தாலே அவருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. குளிர்கால மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் நிறுவனம் எல்-1 விசாவில் அமெரிக்காவுக்கு மாற்றல் தருகிறது. ஃபீனிக்ஸ், சான் டியேகோ, டாலஸ், டாம்பா ஆகிய நான்கில் ஒன்றை நாங்களே தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஊரைத் தேடினாலும் 'ஆண்டுக்கு 300 நாள் வெயில்' என்றே போட்டிருக்கிறார்கள். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டோம், நான் பிறந்தது மதுரையில். எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: அந்த '300 நாள்' கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். பனி கொட்டும் டென்வர்கூட அதையேதான் சொல்லிக்கொள்கிறது. அங்கே ரயில் பாதை போட்ட காலத்தில் ஆள் சேர்ப்பதற்காகக் கிளப்பிய விளம்பரம் அது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் சூரியன் எட்டிப் பார்த்தாலும் 'வெயில் நாள்' என்று எழுதிக்கொள்ளலாம். அமெரிக்க வானிலைத் துறையின் அளவுகோல் வேறு. சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை வானத்தில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் மேகம் இல்லாதிருந்தால்தான் அது தெளிந்த நாள். அப்படி எண்ணினால் ஃபீனிக்ஸுக்கு ஆண்டில் 210 நாட்கள் தேறும். டாம்பாவுக்கு நூறு சொச்சம்தான்.

டாம்பாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஈவினிங் இண்டிபெண்டன்ட்' என்று ஒரு மாலைப் பத்திரிகை இருந்தது. சூரியன் முகம் காட்டாத நாளில் பத்திரிகை இலவசம் என்று 1910இல் அறிவித்தார்கள். 1986இல் பத்திரிகை நின்றுபோகும் வரை, முக்கால் நூற்றாண்டில், 300 நாட்களுக்கும் குறைவாகத்தான் இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. விளம்பரத்தில் பொய்யில்லை. ஆனால் காலையில் சுள்ளென்று அடித்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு இடியும் மின்னலுமாகக் கொட்டும் ஜூலை மாதத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

ஆகவே ஆண்டுக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு வாருங்கள். க்ளாஸ்கோவில் டிசம்பர் மாதம் முழுவதையும் கூட்டினாலும் 40 மணி நேர வெயில் தேறாது. பகல் பொழுதே ஏழு மணி நேரம்தான். ஃபீனிக்ஸில் அதே டிசம்பரில் ஏறத்தாழ 240 மணி நேரம் வெயில் அடிக்கிறது. சான் டியேகோ அதற்குச் சற்றே குறைவு, டாம்பா அதற்கும் கீழே. நான்கில் கடைசியாக வரும் டாலஸ்கூட க்ளாஸ்கோவைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாது. உங்கள் மனைவியின் குளிர்காலச் சோர்வுக்கு நான்கு ஊர்களுமே மருந்துதான். வித்தியாசமெல்லாம் பக்கவிளைவில் இருக்கிறது. அதனால் ஜனவரியை மறந்துவிட்டு, ஒவ்வோர் ஊரின் மிக மோசமான மூன்று மாதங்களையும் உங்கள் குடும்பம் எப்படிக் கழிக்கும் என்று பாருங்கள்.

நான் பதினாறு ஆண்டுகளாக ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வாழ்கிறேன். என் ஊர் என்பதால் பூசி மெழுகப் போவதில்லை. 2023இல் ஜூன் கடைசி நாள் தொடங்கி 31 நாட்கள் விடாமல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு மட்டும் எங்கள் மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். பூங்காவில் சறுக்குமரத்தை மாலை ஏழு மணிக்கும் வெறுங்கையால் தொட முடியாது. நடைபாதையில் விழுந்து தோல் வெந்து, தீக்காயப் பிரிவில் சேர்க்கப்படுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. கார் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் உயிரை விட்டுவிடும்.

என் அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்தபோது, "நான் பார்க்காத வெயிலா" என்று முதல் நாளே வடாம் பிழிந்து கொல்லையில் காயப்போட்டார். காலை ஏழு மணிக்குப் போட்டது மதியத்துக்குள் சலசலவென்று காய்ந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இது வெயில் இல்லை, அடுப்பு" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அதே ஊரில் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வீட்டுக்குள் இருக்கத் தோன்றாது. டிசம்பர் நடுப்பகலில் 19 டிகிரி, நீல வானம். கோடையிலும் ஒரு சலுகை இருக்கிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதில்லை. அதனால் ஜூனில் காலை 5:20க்கே சூரியன் வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் நடைப்பயிற்சிக் கூட்டம் ஐந்து மணிக்கே தொடங்கி ஏழரைக்குள் கலைந்துவிடும். உங்கள் மனைவிக்குத் தேவை வெளியில் கிடைக்கும் காலை வெளிச்சம்தான். அவர் விடியலில் எழும் பழக்கம் உள்ளவரா? ஃபீனிக்ஸா இல்லையா என்பதை முடிவு செய்யும் கேள்வியே அதுதான். பகல் முழுவதும் ஏ.சி. அறையில் கிடந்தால் கோடைக்கால மனச்சோர்வு என்று ஒன்று வரலாம். அதையும் மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. கண்ணாடி வழியே வரும் வெயில் வைட்டமின் டி தராது. நம் நிறத்துக்கு வெளியே நிற்க வேண்டிய நேரமும் வெள்ளைக்காரர்களைவிட அதிகம். பாலைவனத்தில் குடியிருந்துகொண்டு வைட்டமின் டி மாத்திரை விழுங்கும் தமிழர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகளை வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். இங்கே மண்ணில் ஒரு வகைப் பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு நுரையீரலுக்குள் போனால் 'வேலி ஃபீவர்' என்ற காய்ச்சல் வரும். இருமலும் அசதியும் வாரக்கணக்கில் நீடித்தால் அந்தச் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால். மற்றொன்று பள்ளி. இங்கே பல பள்ளிகள் ஜூலை கடைசியிலேயே திறந்துவிடுகின்றன. 42 டிகிரி வெயிலில்தான் உங்கள் மகள் வீடு திரும்புவாள்.

சான் டியேகோவின் தட்பவெப்பத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு சங்கதி. மே, ஜூன் மாதங்களில் கடலிலிருந்து தாழ்வான மேகம் ஏறி வந்து, கரையோரத்தை நண்பகல் வரை, சில நாட்களில் மாலை வரை மூடிவிடும். 'மே சாம்பல், ஜூன் மூட்டம்' என்று உள்ளூர்க்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். சாம்பல் வானத்தைக் கண்டாலே துவண்டுபோகும் ஒருவர் கடற்கரையில் வீடு பார்ப்பது வீண்செலவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே, மீரா மெசா, ரான்சோ பெர்னார்டோ பக்கம் போனால் மேகம் சீக்கிரம் விலகும், வாடகையும் சற்று இறங்கும். ஆனால் உள்ளே போகப் போகக் காட்டுத்தீ நெருங்கும். 2007இல் ரான்சோ பெர்னார்டோவிலேயே நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. மின்சாரத்தின் யூனிட் விலை நாட்டிலேயே மிக அதிகமான ஊர்களில் இதுவும் ஒன்று. நல்லவேளையாக ஏ.சி. ஓடும் நாட்கள் குறைவு.

டாம்பாவை நான் கடைசியில் வைப்பேன். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் கடலைக் கிளப்பி விரிகுடாவின் கரையோர வீடுகளுக்குள் விட்டது. நனைந்த மெத்தைகளும் சோபாக்களும் தெருவோரத்தில் குவிந்து கிடக்கும்போதே, இரண்டு வாரத்தில் மில்டன் வந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விளையாட்டரங்கின் கூரையைக் கிழித்தது. புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. பிடிவாதமாக அங்கேதான் போவேன் என்றால், வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். புயலின்போது முதலில் காலி செய்யச் சொல்லும் ஏ, பி மண்டலங்கள் என்றால் தொடாதீர்கள். சாதகமாகச் சொல்ல வேண்டுமென்றால், மாமரமும் முருங்கையும் கொல்லையில் காய்க்கும். கறிவேப்பிலைச் செடியை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் ஒட்டிவரும் என்பதால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

டாலஸுக்குப் போகிறவர்கள் வெயிலுக்காகப் போவதில்லை. ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் பக்கம் நம்மவர்கள் ஏராளம். கோயில், தமிழ்ப் பள்ளி, இட்லி மாவு எதற்கும் அலைய வேண்டாம். ஆனால் 2021 பிப்ரவரியில் அதே டாலஸ் மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அது அபூர்வம்தான். ஆனால் கோடை வெப்பமும் வசந்த கால ஆலங்கட்டியும் ஆண்டுதோறும் வரும்.

பணத்துக்கு வருவோம். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை என்று நண்பர்கள் தூண்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,50,000 டாலர் என்றால், 2.5 சதவீத ஒற்றை வரி வாங்கும் அரிசோனாவுக்குச் சுமார் 3,000 டாலர் போகும். கலிஃபோர்னியாவுக்கு 5,000 டாலரை ஒட்டிப் போகும். பயமுறுத்தும் அந்த 13.3 சதவீத உச்ச வரி கோடீஸ்வரர்களுக்கு. உங்களைக் கடிக்கப்போவது வாடகை. சான் டியேகோவில் இரண்டு படுக்கையறை வீடு மாதம் 3,000 டாலரைத் தொடும். ஃபீனிக்ஸ் புறநகரில் 2,000க்குள் கிடைக்கும். வரியில் ஓர் ஆண்டுக்கு வரும் வித்தியாசத்தை வாடகை வித்தியாசம் இரண்டே மாதத்தில் எட்டிவிடும். நான்கு ஊர்களுக்கும் ஒரே சம்பளம் என்று நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். சான் டியேகோவுக்கு ஊர்ப்படி, அதாவது செலவு அதிகமான ஊருக்கென்று தரும் கூடுதல் தொகை, கேளுங்கள்.

மனைவியின் வேலையை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஊரைத் தீர்மானிக்கப் போவதே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்-1 விசாக்காரரின் துணைவர் 2021 நவம்பர் முதல் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை பார்க்கலாம். நுழையும்போது தரும் ஐ-94 பதிவில் 'எல்-2எஸ்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செவிலியர் உரிமம் மாநில விவகாரம். அதற்கான 'என்கிளெக்ஸ்' தேர்வை லண்டனிலேயே எழுதலாம். அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றும் ஒரே உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கும் உடன்படிக்கையில் இருக்கின்றன. கலிஃபோர்னியா இல்லை. அதுமட்டுமல்ல, வகுப்பும் வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்று கலிஃபோர்னியா துருவித் துருவிக் கேட்கும். மனைவி எங்கே படித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் என்றால் குழந்தை நலம், மகப்பேறு, மனநலம் எல்லாம் படித்திருப்பார். பிரிட்டனில் பெரியவர்களுக்கான பிரிவு மட்டும் படித்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். தேறிவிட்டால் கலிஃபோர்னியாவுக்கு ஈடில்லை. செவிலியர் சம்பளம் நாட்டிலேயே அங்கேதான் அதிகம். பொது வார்டில் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

விசாவைப் பற்றி ஒரு கசப்பான செய்தி. எல்-1இல் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. ஆகவே 'வேலை போனால் உள்ளூரிலேயே வேறு கிடைக்கும்' என்ற கணக்கு உங்களுக்குச் செல்லாது. பச்சை அட்டை வரிசையில் பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள். மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும், அது மிக நீளம். மனைவி வேறு நாட்டில் பிறந்தவர் என்றால் அவருடைய வரிசையில் நிற்கலாம், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிறப்புத் திறன் ஊழியருக்கான எல்-1பி விசாவில் ஐந்து ஆண்டு, மேலாளருக்கான எல்-1ஏ விசாவில் ஏழு ஆண்டு தங்கலாம், அவ்வளவுதான். இந்த நிலையில் வீடு வாங்கும் பேச்சை எடுக்காமல் வாடகைக்கே பாருங்கள்.

என் கருத்து இது. மனைவியின் படிப்பு கலிஃபோர்னியாவில் தேறி, நிறுவனம் ஊர்ப்படியும் தந்தால் சான் டியேகோ. இரண்டில் ஒன்று தவறினாலும் ஃபீனிக்ஸின் கிழக்குப் புறநகர், அதாவது சாண்ட்லர் அல்லது கில்பர்ட். ஃபீனிக்ஸ் என்றால் பள்ளி விடுமுறை விடும் ஜூனில் மூன்று வாரமாவது வெளியே போவதற்கான பணத்தை இப்போதே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை நேரில் வந்து பாருங்கள். நிறுவனங்கள் பிப்ரவரியில்தான் அழைத்துக் காட்டும், அப்போது எல்லோருக்கும் பிடித்துவிடும். நீங்கள் ஜூலையில் வாருங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இணையவழி எஸ்டா அனுமதி போதும். நான்கு நாட்கள் தங்கி, காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் மாலை நான்கு மணிக்கு ஒருமுறையும் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். வாடகைக் காரின் ஸ்டியரிங் மேல் போட ஒரு துண்டு எடுத்து வாருங்கள். மகளின் சீட் பெல்ட்டில் இருக்கும் இரும்புக் கொக்கியை முதலில் நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டிவிடுங்கள்.