பழைய மாடல் சைக்கிளுக்கு ஹப், பேரிங், மட்கார்ட் எதைப் பார்த்து வாங்குவது?

சக்கரத்தின் நடுவில், ஸ்போக்ஸ் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளைதான் ஹப். அதற்கும் அச்சுக்கும் நடுவே ஓடும் எஃகுக் குண்டுகளைக் கடைகளில் பால்ரஸ் என்பார்கள். கனமான பீரோவைத் தரையில் இழுத்தால் நகராது. அடியில் நாலு உருட்டுக்கட்டை போட்டால் ஒருவரே தள்ளிவிடலாம். பால்ரஸ் செய்வதும் அதே வேலைதான்.

ஹப் வாங்குமுன் ரிம்மில் துளைகளை எண்ணுங்கள். 28 இஞ்ச் கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக்) சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். ஓட்டுபவர் எடையும் கேரியர் சுமையும் பின்சக்கரத்தில்தான் இறங்குகின்றன, அதனால் அங்கே கம்பி கூடுதல். 36 துளை ஹப் அந்த ரிம்முக்குச் சேராது.

பேரிங்கில் நான் கப்–கோன் வகையைத்தான் சொல்வேன். ஹப்புக்குள் கிண்ணம் மாதிரி இருப்பது கப், அச்சில் திருகும் கூம்பு கோன், இரண்டுக்கும் நடுவே குண்டுகள் ஓடும். குண்டு தேய்ந்தால் குண்டை மட்டும், கோன் தேய்ந்தால் கோனை மட்டும் மாற்றலாம். பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு கால் இஞ்ச் குண்டு 9. கழற்றும்போது கோனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் கண்ணாடி மாதிரி மின்னினால் நல்லது. ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம் புது கிரீஸ்.

மட்கார்ட் டயரைவிட அகலமாகவும், இடையில் விரல் நுழையும் இடைவெளியோடும் இருந்தால் சரி. இரும்பு என்றால் மடித்த விளிம்பின் உட்புறம் பெயின்ட் அடியுங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

கோனை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் இறுக்கினால் குண்டு அழுத்தி, கப்பில் பள்ளம் விழுந்துவிடும்.