காபிய விட்டுட்டு டீக்கு மாறுனா நல்லதுங்களா டாக்டர்?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எனக்கு 36 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேனுங்க. காலைல வீட்ல டிபனோட ஒரு பில்டர் காபி, கம்பெனில 11 மணிக்கும் 4 மணிக்கும் டீ, ஒன்றரை ஷிப்ட்டுனா 6 மணிக்கு இன்னொன்னு, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒரு டீ. காபி சூடு, உனக்கு அடிக்கடி வாய்ப்புண்ணு வர்றதும் நீர்க்கடுப்பு வர்றதும் அதுனால தான், பேசாம டீக்கே மாறிக்கனு மாமியார் சொல்றாங்க. அவங்களுக்கு தைராய்டு இருக்குது, காலைல மாத்திரைய காபியோட தான் போடுவாங்க. போன மாசம் ரத்தம் டெஸ்ட் எடுத்ததுல எனக்கு ஹீமோகுளோபின் 9.2னு வந்துச்சு, இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. காபி, டீ ரெண்டுல எதுங்க நல்லது?

பதில்: வணக்கம் அம்மிணி. நீங்க கேட்டது காபியா டீயானு, ஆனா எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது அந்த 9.2 தானுங்க. கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12 இருக்கோணும், அதுக்கு கீழ போனாலே ரத்தசோகை தான், உங்களுது நடுத்தரமான ரத்தசோகை, சும்மா விடற அளவு இல்ல. அதுனால பொதுவா எது நல்லதுங்கறத அப்புறம் சொல்றேன், உங்களுக்கு எதுங்கறத மொதல்ல சொல்லிடறேன். காபிய விட்டுட்டு டீக்கு மாறுனா உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லீங்க. இரும்புச்சத்து விசயத்துல மட்டும் பாத்தா காபிய விட டீ தான் எச்சா கெடுக்கும்.

காரணம் என்னனா டீல இருக்கற டானின் மாதிரி பொருளுங்க, அந்த துவர்ப்பு இருக்குதுல்லீங்க அது தான், சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தோட ஒட்டிக்கிட்டு குடல் அத உறிஞ்ச முடியாதபடி பண்ணிடும். பால் ஊத்தாத டீல பெரஸ் சல்பேட்ங்கற இரும்பு மாத்திரை ஒன்ன பொடி பண்ணி போட்டு கலக்கி பாருங்க, கொஞ்ச நேரத்துல மை மாதிரி கருத்துப்போகும். டீயும் இரும்பும் ஒன்னோட ஒன்னு புடிச்சுக்கறது தான் அந்த கருப்பு. வயித்துக்குள்ள நடக்கறதும் ஏறக்குறைய அது தானுங்க. நாம சாப்பிடற ராகிக்களி, முருங்கக்கீரை, கொள்ளு, அரிசிம்பருப்பு சாதம் இதுல எல்லாம் இருக்கற இரும்பு ஏற்கனவே உடம்புல லேசுல ஏறாத ரகம், கறில இருக்கறது கொஞ்சம் தேவல. அந்த கொஞ்சத்தையும் சாப்பிட்ட கையோட குடிக்கற டீ புடிச்சு வெச்சுக்குது.

1983ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணுனாங்க, கறி வெச்ச பன் கூட டீ குடிச்சவங்களுக்கு இரும்பு ஏறுனது 64 சதவீதம் கொறஞ்சுது, காபி குடிச்சவங்களுக்கு 39 சதவீதம் கொறஞ்சுது. அதுலயே இன்னொன்னையும் பாத்தாங்க, எனக்கு அது தான் ரொம்ப முக்கியமா படுது. சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காபி குடிச்சா ஒன்னும் கொறையல, ஆனா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சா கூடவே குடிச்ச அளவுக்கே கொறஞ்சுது. அதாவது குடிச்சுட்டு பொறுத்து சாப்பிடலாமுங்க, சாப்பிட்டுட்டு குடிக்கறது தான் சிக்கல். நம்ம ஊர்ல எல்லாருமே செய்யறது ரெண்டாவது தான். 2024ல ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேந்து போட்ட உணவு வழிகாட்டில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரமும் பின்னாடி ஒரு மணி நேரமும் டீ காபி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. உங்கள மாதிரி ரத்தம் கொறைவா இருக்கறவங்க சாப்பிட்ட பொறகு ஒன்றரை மணி நேரம், முடிஞ்சா ரெண்டு மணி நேரம் விடுங்கனு நான் சொல்லுவேன்.

இப்ப உங்க நாளையே எடுத்துக்கலாமுங்க. காலைல டிபனோட குடிக்கற காபிய எந்திரிச்சதும் குடிச்சிருங்க, டிபன் ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுங்க. வெறும் வயித்துல காபி குடிச்சா நெஞ்சு எரியும்னா ரெண்டு பேரீச்சம்பழமோ ஒரு வாழைப்பழமோ தின்னுட்டு குடிங்க, டிபன் அளவுக்கு அதுல ஏறறதுக்கு இரும்பு இல்ல. 11 மணி டீயையும் 4 மணி டீயையும் நான் விடச் சொல்லல, மணிக்கணக்குல நின்னுக்கிட்டே பீஸ் பாத்துட்டு இருக்கறவங்களுக்கு அந்த பத்து நிமிசம் வேணுமுங்க, ஆனா டிபன் 9 மணிக்குள்ள முடிஞ்சிருக்கோணும், மத்தியானம் சோத்து போசிய மூடுனதும் டீ வாங்கறத விட்டுருங்க. 6 மணி டீய ஒரு எலுமிச்சம்பழச் சாறா மாத்துங்க, அதுல இருக்கற வைட்டமின் சி இரும்ப உள்ள இழுக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் அப்படித்தான். ராத்திரி வந்ததும் குடிக்கற டீய நிறுத்திருங்க. காபிலயும் டீலயும் இருக்கற, தூக்கத்த கெடுக்கற கேபின்ங்கற பொருள் உடம்புல பாதி அளவு கொறையறதுக்கே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், 9 மணிக்கு குடிச்சா நடுச்சாமத்துலயும் அது உடம்புல ஓடிட்டு தான் இருக்கும், அப்புறம் தூக்கம் வரலைனு பொறண்டுட்டே கெடப்பீங்க, காலைல கண்ணு தொறக்கறதுக்கு மறுபடியும் காபி கேக்கும்.

இரும்பு மாத்திரைய டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதோடயும் போடாதீங்க. வெறும் தண்ணியோ எலுமிச்சம்பழச் சாறோ போதும். மலம் கருப்பா போகுதுனு பயந்து நெறைய பேர் நிறுத்திடறாங்க, அது மாத்திரையோட நெறம் தானுங்க, பயப்பட வேண்டாம். வயித்த புடிக்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமானு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

சரி, இப்ப சூடு விசயம். வாய்ப்புண்ணு அடிக்கடி வர்றதுக்கு இரும்பும் பி12ம் கொறையறது ஒரு முக்கியமான காரணம், உங்களுக்கு ரத்தம் கொறைவுனு ஏற்கனவே தெரிஞ்சு போச்சு. நீர்க்கடுப்புக்கு காபிய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கறேன், கம்பெனில எத்தன தடவ தண்ணி குடிக்கறீங்க? பாத்ரூம் போகோணும்னு சூப்பர்வைசர்கிட்ட கேக்கறதுக்கு சங்கடப்பட்டு தண்ணியே குடிக்காம இருக்கற பொம்பளைங்கள நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குமுங்க. நீர்க்கடுப்புக்கும் யூரின் இன்பெக்சனுக்கும் அது தான் மொதல் வழி. ஒரு லிட்டர் பாட்டில் பக்கத்துலயே வெச்சு மத்தியானத்துக்குள்ள காலி பண்ணுங்க, பாத்ரூம் போறதுக்கு யாருக்கும் நீங்க பயப்பட வேண்டியதில்ல. கடுப்பு ரெண்டு நாளுக்கு மேல இருந்தா யூரின் டெஸ்ட் எடுங்க.

பொதுவா பாத்தா ரெண்டும் கெட்டது இல்லீங்க. அளவா காபி குடிக்கறவங்களுக்கு சர்க்கரை நோய், கல்லீரல் சுருக்கம், பார்க்கின்சன் இதெல்லாம் கம்மியா வருதுனு பல நாட்டு ஆய்வுங்க காட்டுது. டீக்கு, இங்கிலாந்துல அஞ்சு லட்சம் பேர் கிட்ட எடுத்த கணக்கு 2022ல வந்துச்சு, தினமும் ரெண்டு கப்போ அதுக்கு மேலயோ குடிச்சவங்களுக்கு இறப்பு அபாயம் 9ல இருந்து 13 சதவீதம் வரைக்கும் கம்மியா இருந்துச்சு. இதெல்லாம் குடிக்கறதும் நோய் கொறையறதும் சேந்து நடக்குதுங்கறதுக்கு தான் ஆதாரம், இதுனால தான் அதுனு உறுதி இல்ல, அதுனால இத நம்பி யாரும் புதுசா ஆரம்பிக்க வேண்டாம். கேபின் அளவும் அந்த ஐசிஎம்ஆர் வழிகாட்டில இருக்குது, 150 மில்லி காபில 80ல இருந்து 120 மில்லிகிராம், டீல 30ல இருந்து 65, நாள் முழுக்க 300 தாண்டக்கூடாது. டீக்கடை கிளாஸ் 150 மில்லி புடிக்காது, அதுனால கேபின் கணக்குல நீங்க பெருசா தாண்டல. பிபி 160க்கு 100னு எகிறி நிக்கறவங்க மட்டும் காபிய ஒன்னோட நிறுத்திக்கோணும், ஜப்பான்ல பாத்த ஆய்வுல அப்படிப்பட்டவங்க ரெண்டு கப்போ எச்சாவோ குடிச்சப்ப இதய நோயில சாகற அபாயம் ரெண்டு மடங்கா இருந்துச்சு.

எனக்கு பயமே சக்கரை தானுங்க. அஞ்சு கிளாஸ், கிளாஸுக்கு ரெண்டு ஸ்பூன்னா பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 40, 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுனு சொல்லுது, டீ காபிலயே அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு போயிருது. கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை போட்டா ஒன்னும் பண்ணாதுனு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை இருக்குது, ருசி நல்லா தான் இருக்கும், ஆனா கலோரியும் ரத்தத்துல ஏறற வேகமும் கிட்டத்தட்ட அதே தான். கடைல "சக்கர கம்மி"னு சொல்லி பழகுங்க, ரெண்டு வாரத்துல நாக்கு ஒத்துக்கும். கொதிக்க கொதிக்க ஊத்திக்கறதும் வேண்டாம், 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கறது உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமா இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் பிரிவு 2016ல சொல்லிடுச்சு, ஆத்தி குடிங்க.

மாமியார்கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க. தைராய்டு மாத்திரைய காபியோட போட்டா மருந்துல ஒரு பகுதி ஏறாமயே போயிரலாம், அப்புறம் தைராய்டு டெஸ்ட்ல பாக்கற டிஎஸ்எச் கொறையலைனு டோஸ் தான் ஏத்திட்டே போவாங்க. எந்திரிச்சதும் வெறும் தண்ணில மாத்திரை, அரை மணி நேரமாவது, ஒரு மணி நேரம்னா ரொம்ப நல்லது, அதுக்கப்புறம் காபி. அப்படி மாத்துனா ஆறு வாரம் கழிச்சு டிஎஸ்எச் ஒருக்கா பாத்துக்கோணும், ஏன்னா இப்ப இருக்கற டோஸ் எச்சா ஆகிரலாம்.

நீங்க மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் மறுபடியும் பாருங்க, ஒன்னு, ரெண்டு பாயிண்டாவது ஏறியிருக்கோணும். ஏறலைனா உடம்புல இரும்பு சேமிப்பு எவ்வளவுனு காட்டற பெரிட்டின் டெஸ்ட்டும் பி12 டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லி கேளுங்க. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல போகுதா, கட்டி கட்டியா போகுதா, ராத்திரி எந்திரிச்சு பேட் மாத்த வேண்டியிருக்குதானு யோசிச்சு பாத்து, அப்படி இருந்தா லேடி டாக்டர்கிட்ட ஒரு ஸ்கேன் பாத்துருங்க. 12 வந்துருச்சுனு ஒடனே மாத்திரைய விட்டுறாதீங்க, உடம்புல சேமிப்பு நெரம்பறதுக்கு அதுக்கப்புறமும் மூணு மாசம் போடோணும்.