பிடிசிசிஹெச்-சில் பீம்ஃபார்மிங்: கேள்வி பதில்

பிடிசிசிஹெச் என்பது டவர் போனுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோல் சேனல்; பீம்ஃபார்மிங் என்பது சிக்னலை ஒரு திசையில் குவிப்பது. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் 5ஜி, 3.5 கிகாஹெர்ட்ஸ், 100 மெகாஹெர்ட்ஸ் கேரியர், 30 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் இடைவெளி, மாஸிவ் மைமோ ஆன்டெனா (பல சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்தது) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டேட்டா பக்கம் பாதி ஆர்பி (அலைவரிசையின் சிறு துண்டு) காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் ஷெட்யூலர் (யாருக்கு எப்போது இடம் என்று ஒதுக்குவது) ஒரு ஸ்லாட்டில் (14 சிம்பல் கொண்ட நேரத் துண்டு) ஐந்து டிசிஐ-க்கு (ஒரு போனுக்கான கன்ட்ரோல் செய்தி) மேல் போடுவதில்லை. பீம்ஃபார்மிங் உதவுமா?

உதவும். ஐந்து என்கிற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 273 ஆர்பியில் கோர்செட்டுக்கு (பிடிசிசிஹெச்-சுக்கு ஒதுக்கிய பகுதி) ஆறின் மடங்காக 270 எடுக்கலாம். ஒரு சிம்பல் கோர்செட் என்றால் 270 ஆர்இஜி (ஒரு ஆர்பி, ஒரு சிம்பல் அளவு). ஆறு ஆர்இஜி சேர்ந்தது ஒரு சிசிஇ, ஆக மொத்தம் 45 சிசிஇ. எல்லோருக்கும் ஏஎல் 8 (ஒரு டிசிஐ-க்கு எட்டு சிசிஇ) என்றால் ஐந்து டிசிஐ-யோடு இடம் தீர்ந்தது. அப்லிங்க் கிராண்டும் (போன் அனுப்புவதற்கான அனுமதி) இதற்குள்தான்.

ஏஎல் ஒரு படி (பாதியாக) இறங்க சுமார் 3 டெசிபெல் கூடுதல் எஸ்ஐஎன்ஆர் (இரைச்சல், குறுக்கீட்டோடு ஒப்பிட்ட சிக்னல் பலம்) வேண்டும். செல் முழுக்கப் பரவும் அகல பீமை விட்டு, பயனரைப் பார்த்த பீமில் 6 டெசிபெல் கிடைத்தால் ஏஎல் 8 ஆள் ஏஎல் 2-க்கு வருவார். ஐந்து இருந்த இடத்தில் 22 வரை போடலாம். ஹாஷ் மோதலில் (இருவருக்கு ஒரே சிசிஇ அமைவது) சில போய்விடும் என்பதால் முழு 22 எதிர்பார்க்க வேண்டாம்.

பீமை மாற்றிவிட்டு சர்ச் ஸ்பேஸை (போன் டிசிஐ தேடும் இடங்களின் பட்டியல்) அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஏஎல் 1, 2-க்கு கேண்டிடேட் (தேடும் இடம்) பூஜ்யம் என்றிருந்தால் கிடைத்த 6 டெசிபெல் வீண். ஏஎல் 1-க்கு 2, ஏஎல் 2-க்கு 4, ஏஎல் 4-க்கு 3, ஏஎல் 8-க்கு 2 என்று கொடுத்துப் பாருங்கள். மொத்தம் 11 கேண்டிடேட், இரண்டு டிசிஐ அளவுக்கு 22 பிளைண்ட் டிகோட் (இருக்கிறதா என்று முயன்று படிப்பது). காமன் சர்ச் ஸ்பேஸின் 7 சேர்த்தால் 29. 30 கிலோஹெர்ட்ஸில் ஸ்லாட்டுக்கு வரம்பு 36. சிசிஇ கணக்கில் 38. கோர்செட் 0-இல் 48 ஆர்பி, 2 சிம்பல் என்றால் அங்கே ஒரு 16. ஆக 54, வரம்பு 56. ஏஎல் 16 தேவைப்படும் ஓரத்துப் பயனருக்கு ஆர்ஆர்சி-யில் (போனின் அமைப்பை மாற்றும் செய்தி) வேறு அமைப்பு அனுப்புங்கள்.

ஏஎல் இறக்கும் முன் டிடிஎக்ஸ் (போனிடமிருந்து பதிலே வராதது) எண்ணிக்கையைப் பாருங்கள். டிசிஐ தவறினால் போன் ஆக்கும் (‘கிடைத்தது’) அனுப்பாது, நேக்கும் (‘கிடைக்கவில்லை’) அனுப்பாது. அந்த பிடிஎஸ்சிஹெச் (டேட்டா போகும் சேனல்) முழுதும் பாழ். சிக்யூஐ (போன் தெரிவிக்கும் சேனல் தரம்) டேட்டாவுக்கான அளவு, கன்ட்ரோலுக்கு அதை அப்படியே நம்பக்கூடாது. டிடிஎக்ஸை வைத்துத் தனியாக ஒரு அவுட்டர் லூப் (முடிவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவது) ஓட்டி, டிசிஐ தவறுவதை 1 சதவீதத்துக்குள் பிடித்து வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? கோர்செட்டை இரண்டு சிம்பலாக்கினால் போதாதா?

14-இல் ஒரு சிம்பல், அதாவது 7 சதவீத டேட்டா இடம், கூட்டம் இல்லாத நேரத்திலும் போகும். மேலும் கோர்செட்டில் 90 சிசிஇ இருந்தாலும் ஒரு போன் பார்ப்பது 56 வரைதான். மிஞ்சினால் பிரைமரி செல்லில் எண் பெரிதாக உள்ள பயனர் சர்ச் ஸ்பேஸ் அந்த ஸ்லாட்டில் விடுபட்டுப் போகும். அங்கே நீங்கள் அனுப்பும் டிசிஐ-யை யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: 4ஜி-யில் இதைச் செய்ய முடியுமா?

சாதாரண பிடிசிசிஹெச்-சில் முடியாது. போன் அதை சிஆர்எஸ் (சேனலை அளக்க உதவும் குறிப்புச் சிக்னல்) வைத்துப் படிக்கிறது, சிஆர்எஸ் செல் முழுமைக்கும் பொது. ரிலீஸ் 11-இல் (தரநிலையின் 11-ஆம் பதிப்பு) வந்த மேம்பட்ட கன்ட்ரோல் சேனலான இபிடிசிசிஹெச், டிஎம்ஆர்எஸ் (செய்தி போகும் அதே பீமில் போகும் குறிப்புச் சிக்னல்) வைத்துப் படிக்கப்படுவதால் அதில் முடியும்.

கேள்வி: பிரீகோடர் (பீமை உருவாக்கும் எடைகள்) கிரானுலாரிட்டியை, அதாவது ஒரே பிரீகோடர் எவ்வளவு அகலத்துக்கு என்பதை, ஆல் கன்டிகுவஸ் ஆர்பி என்று வைத்தால் சேனல் எஸ்டிமேஷன் (போன் சேனலை அளப்பது) நன்றாக வருகிறது. ஏன் எல்லோரும் ஆர்இஜி பண்டில் (சில ஆர்இஜி சேர்ந்த கட்டு) என்கிறார்கள்?

எஸ்டிமேஷன் நன்றாக வரும் என்பது சரி. ஆனால் அந்த அமைப்பில், தொடர்ச்சியான ஆர்பி முழுவதற்கும் ஒரே பிரீகோடர்தான் என்று போன் எடுத்துக்கொள்ளும். பக்கத்து சிசிஇ-யில் இன்னொரு பயனருக்கு வேறு பீம் போட்டால் முதல் போனின் எஸ்டிமேஷன் கெட்டுவிடும். பயனருக்கொரு பீம் என்பதே அங்கே இல்லை.

அவரே மறுபடி: ஒரே திசையில் இருப்பவர்களை ஒரே ஸ்லாட்டில் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லையே!

பீம் பொருந்தும், ஷெட்யூலர் பொருந்தாது. யாருக்கு இப்போது பாக்கெட் வந்திருக்கிறது என்பதைத் திசை தீர்மானிப்பதில்லை. தாமதம் தாங்காத ஒருவருக்காக வேறு திசையில் ஒரு டிசிஐ போட வேண்டி வந்தால் முழு ஏற்பாடும் உடைகிறது.

இன்னொருவர்: ஆர்இஜி பண்டிலில் ஓரத்துப் பயனருக்கு எஸ்டிமேஷன் மோசமாகிறது. நீங்கள் அதை மறைக்கிறீர்கள்.

மறைக்கவில்லை, உங்கள் பாயின்ட் நியாயமானது. ஒரு சிம்பல் கோர்செட்டில் ஆறு ஆர்இஜி பண்டில் என்றால் ஆறே ஆர்பி-யின் டிஎம்ஆர்எஸ். சிக்னல் பலவீனமான இடத்தில் போதாமல் போகலாம். அதனால் கோர்செட்டைப் பிரியுங்கள். ஓரத்தில் இருப்பவர்களுக்கும் பொதுச் செய்திகளுக்கும் ஆல் கன்டிகுவஸ், அகல பீம். நடுவில் இருப்பவர்களுக்கு ஆர்இஜி பண்டில், தனி பீம். ரிலீஸ் 15-இலேயே ஒரு பிடபிள்யூபி-க்கு (கேரியரில் போன் பயன்படுத்தும் பகுதி) மூன்று கோர்செட் அனுமதி உண்டு. சண்டை போட்ட இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

கேள்வி: பேஜிங்கையும் (ஓய்வில் இருக்கும் போனைத் தேடி அழைப்பது) பயனர் பக்கம் திருப்பலாமா?

அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் பேஜிங்கே தேவையில்லை. பேஜிங்கும் எஸ்ஐபி-யும் (செல் பற்றிய பொதுத் தகவல்) எஸ்எஸ்பி பீம்களில் (போன் செல்லைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் போகும் பீம்கள்) சுற்றித்தான் போகும்.

கேள்வி: எஸ்ஆர்எஸ் (போன் டவருக்கு அனுப்பும் அளவீட்டுச் சிக்னல்) 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதிலிருந்து பிரீகோடர் எடுக்கலாமா?

உட்கார்ந்திருப்பவருக்கு எடுக்கலாம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 3.5 கிகாஹெர்ட்ஸில் டாப்ளர் (நகர்வால் வரும் அதிர்வெண் மாற்றம்) 390 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். சேனல் ஒரு மில்லிசெகண்டு அளவில் மாறிவிடும். அவருக்கு நிலையான கிரிட் பீம்களில் ஒன்றைக் கொடுத்து, ஏஎல்-ஐ ஒரு படி ஏற்றுங்கள். டிடிஎக்ஸ் எண்ணிக்கையை வேகவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: பாதுகாப்பாக எல்லோருக்கும் ஏஎல் 16 வைத்தால் என்ன?

45-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டே டிசிஐ. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏஎல் 8 போதாதா, எல்லோருக்கும்?

முதல் பதில்.

கேள்வி: என் போனில் 5ஜி வேகம் குறைவு. எந்த செட்டிங்?

இது டவர் பக்கத்து விஷயம், போனில் மாற்ற ஒன்றுமில்லை. உங்கள் சேவை நிறுவனத்தில் புகார் பதியுங்கள்.

கேள்வி: 26 கிகாஹெர்ட்ஸில் பீம் இன்னும் கூர்மை. அப்படியானால் கொள்ளளவும் கூடுமா?

அனலாக் பீம் என்றால் பல சமயம் குறையும். ஒரு பேனல் ஒரு சிம்பலில் ஒரே திசையைத்தான் பார்க்கும். இடதுபக்கப் பயனருக்கும் வலதுபக்கப் பயனருக்கும் ஒரே சிம்பலில் டிசிஐ போட முடியாது. சிசிஇ காலியாக இருந்தும் ஒருவர் காத்திருப்பார். அங்கே கோர்செட்டை ஒரு சிம்பலாக வைத்து, அடுத்தடுத்த சிம்பல்களை வெவ்வேறு டிசிஐ (TCI) ஸ்டேட்டுக்கு ஒதுக்குங்கள். எழுத்து ஒன்றானாலும் இந்த டிசிஐ பீமைக் குறிப்பது, மேலே சொன்ன கன்ட்ரோல் செய்தி (DCI) அல்ல. மேக் சிஇ (டவர் அனுப்பும் சிறு கட்டளை) மூலம் அதை மாற்றினால், போன் ஆக் அனுப்பிய பிறகு 3 மில்லிசெகண்டு கழித்துத்தான் புது பீம் நடைமுறைக்கு வரும். அதுவரை பழைய பீமிலேயே அனுப்புங்கள். இல்லையென்றால் டிடிஎக்ஸ் எகிறும்.