வாடிக்கையாளரின் கிளவுட் கணக்கில் நம் செயலி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செயலி இதுவரை எங்கள் சர்வரில்தான் ஓடியது. இப்போது ஒரு வங்கி, அதைத் அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.-இல் உள்ள தன் கணக்கிலேயே நிறுவித் தரும்படி கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: உங்கள் செயலி வெளியே எங்கெங்கு பேசுகிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். பிழை அறிக்கை, உரிமச் சரிபார்ப்பு, மின்னஞ்சல் என நீங்கள் மறந்தே போன இணைப்புகள் எல்லாம் வங்கியின் ஃபயர்வாலில் முட்டி நிற்கும். கிளவுட் வளங்களை உருவாக்கும் உங்கள் டெர்ராஃபார்ம் மாட்யூல், வங்கியிடம் ஏற்கெனவே உள்ள நெட்வொர்க்கையும் டேட்டாபேஸையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல வங்கிகள் தங்கள் உள் ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கிலிருந்து மட்டுமே இமேஜ் (செயலியைப் பொதிந்த தொகுப்பு) எடுக்க அனுமதிப்பதால், குபர்நெட்டீஸில் செயலியை நிறுவும் தொகுப்பான ஹெல்ம் சார்ட்டில் ரெஜிஸ்ட்ரி முகவரியை மாற்றவும் வழி இருக்க வேண்டும்.

இமேஜின் பதிப்பைக் குறிக்க ‘லேட்டஸ்ட்’ டேகை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வேறு விதி எழுதாதவரை, அந்த டேக் உள்ள இமேஜை, கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், கன்டெய்னர் (ஓடும் இமேஜ்) தொடங்கும் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியில் போய்ச் சரிபார்க்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம், செயலியின் மூன்று ‘பாட்’களில் (ஓடும் பிரதிகளில்) ஒன்று மட்டும் நள்ளிரவில் மறுபடி தொடங்கி, புதிய பதிப்பை இழுத்து, டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றிவிட்டது. மற்ற இரண்டும் பழைய பெயரைத் தேடி விடியும்வரை பிழை எழுதிக்கொண்டிருந்தன. இமேஜை டைஜஸ்ட்டால், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் மாறாத அடையாளத்தால், குறியுங்கள்.

கேள்வி: நிறுவலை எளிதாக்க, வாடிக்கையாளரிடம் அட்மின் அனுமதி கேட்கலாமா?

பதில்: கூடாது. தேவையான செயல்களுக்கு மட்டும் அனுமதி தரும் ஒரு ரோலை (உங்கள் மென்பொருள் ஏற்று நுழையும் அடையாளம்) அவர்கள் உருவாக்கட்டும். அந்த ரோலை யார் ஏற்கலாம் என்று சொல்லும் நம்பிக்கை விதியில், எக்ஸ்டெர்னல் ஐடி என்ற அடையாளக் குறி கட்டாயம் இருக்கட்டும். அந்த ஐடி இல்லையென்றால், உங்களுடைய இன்னொரு வாடிக்கையாளர் வங்கியின் ரோல் முகவரியைத் தன்னுடையது என்று உங்கள் திரையில் பதிந்தாலே போதும், உங்கள் மென்பொருள் வங்கியின் கணக்கிற்குள் அவருக்காக நுழைந்துவிடும். ஆகவே அந்த ஐடியை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக நீங்களே உருவாக்கித் தர வேண்டும்.

கேள்வி: நாம் உள்ளே நுழையும் ரோல் எதற்கு? வாடிக்கையாளரின் கணக்கில் ஏஜென்ட் என்ற சிறு நிரலை வைத்து, அது 443 போர்ட் வழியே வெளியே வந்து புதிய பதிப்பை எடுத்துச் செல்வதுதானே பாதுகாப்பானது?

பதில்: வெளியிலிருந்து உள்ளே வரும் கதவை அது மூடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வெளியீட்டுச் சர்வரைப் பிடித்தவன், ஏஜென்ட் உள்ள எல்லாக் கணக்குகளிலும் ஒரே நாளில் தன் இமேஜை ஓட விடலாம். இமேஜ்களில் கையொப்பமிட்டு, அதை ஏஜென்ட் சரிபார்த்து, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த பிறகே மேம்படுத்தல் நடக்குமானால் நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: ஒப்புதலுக்கு விட்டால் ஓராண்டு இழுப்பார்களே? பழைய பதிப்புகளை எல்லாம் நாம்தானே சுமக்க வேண்டும்?

பதில்: ஆம், சுமக்கத்தான் வேண்டும், கணக்கு அவர்களுடையது. அவர்களுடைய குபர்நெட்டீஸும் உங்களைக் கேட்காமல் மாறும். 2021-இல் வந்த 1.22 பதிப்பு, வெளிப் போக்குவரத்தைச் செயலிக்கு அனுப்பும் இன்கிரஸின் பழைய பீட்டா வடிவத்தை நீக்கியபோது, அதை நம்பியிருந்த சார்ட்டுகள் நிறுவலிலேயே நின்றன, 2022-இல் 1.25 பதிப்பு, பாட்களுக்கான பாதுகாப்பு விதியான பாட் செக்யூரிட்டி பாலிசியை நீக்கியது. ஆகவே எத்தனை பதிப்புகளைத் தாங்குவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, அத்தனையிலும் சோதித்த பிறகே வெளியிடுங்கள்.

கேள்வி: கடவுச்சொற்களைக் குபர்நெட்டீஸ் சீக்ரெட்டில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. சீக்ரெட்டில் மதிப்புகள் பேஸ்64 என்ற, யாரும் திருப்பி வாசிக்கக்கூடிய வடிவில்தான் இருக்கின்றன; அந்தக் குறியாக்கம் மறையாக்கம் ஆகாது. கடவுச்சொற்களை வாடிக்கையாளரின் சீக்ரெட்ஸ் மேனேஜரிலிருந்து (ஏ.டபிள்யூ.எஸ்.-இன் ரகசியக் காப்பகம்) படியுங்கள்.

கேள்வி: சோதனைக் கணக்கில் மட்டுமாவது ‘லேட்டஸ்ட்’ வைக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அங்கும் வேண்டாம்.

கேள்வி: இத்தகைய நிறுவலுக்கு எவ்வளவு விலை வைக்கலாம்?

பதில்: அது என் துறை அல்ல, உங்கள் விற்பனைப் பிரிவிடம் கேளுங்கள்.

கேள்வி: சார்ட்டை மேம்படுத்தினாலும் எங்கள் சி.ஆர்.டி. (குபர்நெட்டீஸில் நாமே சேர்க்கும் புதிய வகை வளத்தின் வரையறை) பழையதாகவே இருக்கிறது. ஏன்?

பதில்: சார்ட்டின் சி.ஆர்.டி. கோப்புறையில் உள்ளவற்றை ஹெல்ம் 3 முதல் நிறுவலில் மட்டுமே இடும், மேம்படுத்தலின்போது தொடாது. அவற்றை ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்பாகத் தனிப் படியாக இடுங்கள். அந்தப் படியை வாடிக்கையாளருக்குத் தரும் நிறுவல் கையேட்டிலும் எழுதுங்கள்.