தரிசு என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

கிராமம், நிலம், பிழைப்பு குறித்து வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: முதுகுளத்தூர் வட்டாரத்தில் இரண்டு ஊர்களை எடுத்து, குடும்பங்களின் பிழைப்பும் நிலப் பயன்பாடும் எப்படி மாறின என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முக்கியத் தொழில் என்னவென்று கேட்டால் வீட்டுக்கு வீடு 'விவசாயம்' என்கிறார்கள். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று ஊர்க் கணக்கில் எழுதும் அடங்கலைப் புரட்டினால் பாதிக்கு மேல் தரிசு. எதை நம்புவது?
(ஆய்வு மாணவி, பரமக்குடி)

பதில்: இதே இடத்தில் நானும் ஆறு மாதம் சிக்கி நின்றவன் அம்மா. முப்பது வருடத்துக்கு முன்னால், கமுதிப் பக்கம் ஒரு கரிசல் ஊர். என் படிவத்திலும் 'முக்கியத் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. போன வீட்டிலெல்லாம் 'விவசாயம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டு அம்மா, "வெவசாயந்தாய்யா, வேறென்ன?" என்றபடி சொம்பில் தண்ணீர் தந்தார். அவர் நகக்கண்ணெல்லாம் கரி ஏறியிருந்தது. பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு நாள், "உங்க நிலத்தைப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டு அவர் பின்னால் நடந்தேன். மூன்று துண்டு. கண்மாய்க்கு அடியில் இருபது சென்ட் நெல். மேட்டில் கொஞ்சம் மிளகாய். மூன்றாவது, ஒன்றரை ஏக்கர், ஆள் நுழைய முடியாத சீமைக் கருவேலங்காடு. ஒரு வருஷம் புழுதியில் விதைத்த நெல் மழை தப்பி முளையிலேயே கருகியிருக்கிறது. மறு வருஷம் மூத்த மகன் சவுதிக்குப் போய்விட்டார். உழ ஆளில்லை, கருவேலம் தானாக எழுந்தது. நாலு வருஷம் கழித்து, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர் வந்து, காட்டை மொத்தமாக விலை பேசி வெட்டினார். அந்தப் பணம் மகளுக்குத் தோடாயிற்று. அந்த மூட்டத்திலேயே கூலிக்குப் போய், தன் நிலத்து மரத்தைக் கரியாக்கியதும் அந்த அம்மாதான்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஒன்றரை ஏக்கர் தரிசா? ஓராண்டுக்குள் விட்டிருந்தால் நடப்புத் தரிசு. ஐந்தாண்டு வரை பிற தரிசு. அதையும் தாண்டினால் சாகுபடிக்கேற்ற தரிசு. நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் பிரிக்கிற விதம் இது. விதைப்பு நின்று எத்தனை வருஷம் என்று அது சொல்லும். அங்கே முள் வெட்டிக் காசு பார்த்ததை அந்தத் தலைப்புகளில் தேடினால் கிடைக்காது.

விவசாயம் என்று அந்த அம்மா சொன்னதையும் பொய் என்று ஒதுக்காதீர்கள். அது அவர் குடும்பத்துக்கு ஊரில் இருக்கிற இடம், மானம். மழை சரியாகப் பெய்தால் மறுபடி உழுவோம் என்கிற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

ஆகவே, தொழிலைக் கேட்பதற்கு முன் புல எண்ணைக் கேளுங்கள். துண்டு துண்டாக நடந்து பாருங்கள். கடைசியாக விதைத்தது எந்த வருஷம், ஏன் விட்டார்கள், அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது? கல்யாணமா, சாவா, வெளிநாட்டுப் பயணமா? வருவாய்த் துறை எழுதும் பசலி ஆண்டுக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. "மூத்தவளைக் கட்டிக்கொடுத்த வருஷம்" என்றால் சட்டென்று சொல்வார்கள். முள் வெட்டியிருந்தால் தூரை, அதாவது அடிக்கட்டையை, விட்டு வெட்டினார்களா, தூரோடு பறித்தார்களா என்றும் கேளுங்கள். தூர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். இன்னொரு வெட்டுக்கு விட்டிருக்கிறார்கள் என்று பொருள். தூரோடு பறித்த நிலத்தில் ஏர் இறங்கலாம், மனைக்கல்லும் ஊன்றலாம்.

'குடும்பம்' என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வகுத்தது. அதன்படி சவுதி மகன் அந்த வீட்டில் இல்லை. ஆனால் மேட்டு மிளகாய்க்கு உரம் வாங்கியது அவர் அனுப்பிய பணம். இங்கே சாப்பிடுகிறவர் யார், யார் பணம் இங்கே வருகிறது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். மருமகளின் நூறு நாள் வேலைக் கூலி, ஆட்டுக்குட்டி விற்றது எல்லாம் யார் கைக்குப் போகிறது என்பதை அந்தப் பெண்ணிடமே தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்தே நிலப் பயன்பாட்டைக் கண்டுபிடித்துவிடலாமே, வயல் வயலாக அலைய வேண்டுமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: படம் அவசியம்தான், ஆனால் அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏறக்குறைய 22 சென்ட். அந்த அம்மாவின் நெல் வயல் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். 2015 முதல் கிடைக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட், பரவாயில்லை. மார்கழிப் படத்தில் நெல்லும் பச்சை, கருவேலமும் பச்சை. சித்திரைப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். நெல் அறுத்த வயல் வெளுத்துக் கிடக்கும். கருவேலம் அப்போதும் பச்சையாக நிற்கும். ஏன் அங்கே கருவேலம் வந்தது என்பதற்கு மட்டும் நடந்துதான் ஆகவேண்டும்.

கேள்வி: இப்படி ஓர் ஊரில் நூற்றைம்பது வீட்டைக் கணக்கெடுப்பதால் யாருக்கு என்ன பயன்?
(வாசகர், மதுரை)

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் எழுதி வைத்ததால்தான் 1930-களிலும் 1980-களிலும் அங்கே திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்க்க முடிந்தது. இருவேல்பட்டுக்கு 2008-இலும் போனார்கள்.

பரமக்குடி மாணவிக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். புல எண்ணோடு குறிப்பேட்டைப் பத்திரப்படுத்துங்கள், பெயர்களை வெளியிடாதீர்கள். "நிவாரணம் வருமா தாயி?" என்று கேட்பார்கள். வரும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அந்த ஊர் மந்தையில் உட்கார்ந்து, கண்டதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எங்கே தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவர்களே சொல்வார்கள்.